முறை வாரம்

அந்த மின்னஞ்சல் திங்கட்கிழமை காலை வந்தது. அருப்புக்கோட்டையில் தான் வேலை பார்க்கும் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து, மின்விசிறிகளைப் போட்டுக்கொண்டே மாரீஸ்வரி அதைச் செல்போனில் படித்தாள். இரண்டாம் தடவை படித்தபோது பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

'உங்கள் அச்சுமாற்றியில் ஓர் ஓட்டை இருக்கிறது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அடைக்கும்வரை காத்திருக்கிறேன்.' எங்கோ படிக்கிற ஒரு மாணவர் எழுதியிருந்தார். எப்படி உள்ளே நுழையலாம் என்று காட்டும் பத்து வரி நிரலும் கூடவே இருந்தது.

அச்சுமாற்றி ஒரு கட்டற்ற மென்பொருள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதைப் படிக்கிற தமிழாக மாற்றித் தருவது இதன் வேலை. காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் அதன் நிரலைப் படிக்கலாம், எடுத்துத் தங்கள் இணையதளத்தில் வைத்துக்கொள்ளலாம். டிடிபி கடைகள், சிறுபத்திரிகைகள், பத்திரம் எழுதுகிறவர்கள் என்று பல ஊர்களில் அன்றாடம் புழங்கிக்கொண்டிருந்தது. பல கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டி ஏற்றும் வசதியும் அதில் உண்டு. அந்த இடத்தில்தான் ஓட்டை. கட்டுக்குள் இருக்கும் ஒரு கோப்புக்குத் தந்திரமாகப் பெயர் வைத்தால், அது போய்ச் சேர வேண்டிய அறைக்குப் போகாமல் வெளியே நடந்து, அந்த இணையதளத்தின் சொந்தக் கோப்புகள்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். யாருடைய தளத்தையும் யாரும் அழித்துவிடலாம்.

மாரீஸ்வரி நிமிர்ந்து நாள்காட்டியைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. இந்த வாரம் அவள் முறை என்று அவளுக்குத் தெரியும்.

அச்சுமாற்றியை எழுதியவர் சுபத்ரா. அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், சென்னையில் வேலை. ஒன்பது வருஷம் தனி ஆளாக அதைப் பார்த்துக்கொண்டார். பிழை சொல்கிறவர்களுக்குப் பதில், திருத்தம், புதுப் பதிப்பு, திட்டுகிறவர்களிடம் மன்னிப்பு, எல்லாம் அலுவலக வேலை முடிந்த பிறகுதான். போன சித்திரையில் ஒருநாள் அலுவலகத்திலேயே மயங்கி விழுந்தார். ஆறு மாதம் இதையெல்லாம் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வப்போது உதவி செய்துகொண்டிருந்த, மாரீஸ்வரி உட்பட நான்கு பேர் அப்போதுதான் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு வாரம் முறை. யார் வாரமோ அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுப் பதிப்பை வெளியிடும் சாவியும் அந்த வாரம் அவரிடம்தான் இருக்கும். மற்றவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, சுபத்ராவை எக்காரணம் கொண்டும் கூப்பிடக்கூடாது.

இந்த விதிகளை எழுதியவள் மாரீஸ்வரி. நால்வரில் ராஜகுரு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மதுரையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவருக்கு நாக்கு கொஞ்சம் கூர்மை.

"ஒரு சுபத்ராக்காவுக்குப் பதிலா வாரத்துக்கு ஒரு சுபத்ராக்கா. இவ்வளவுதானே இந்த ஏற்பாடு? வேலையப் பிரிக்கலையே, ஆள மாத்தி மாத்தி மாட்டிவிடுறோம்" என்றார் குழு அழைப்பில்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்கண்ணே, உங்க வாரத்தையும் சேத்து நானே பாக்குறேன்" என்று மாரீஸ்வரி வெடுக்கென்று சொல்லியிருந்தாள். அதன்பிறகு அவர் எதுவும் பேசவில்லை. மாதங்கள் ஓடின. இருவரும் வேலை விஷயமாகக்கூட இரண்டு வரிக்கு மேல் எழுதிக்கொண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை நிதானமாக உட்கார்ந்து அடைத்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். மாணவர் அவசரப்படுத்தவில்லையே. ஆனால் திங்கள் மாலை பஸ்ஸை விட்டுத் தன் ஊரான எம்.ரெட்டியபட்டியில் இறங்கும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்குள் நுழைவதற்குள் பிடித்த மழை இரண்டு மணி நேரம் விடவில்லை. புரட்டாசி முழுக்க ஏமாற்றிய மழை. கரிசல் நிலத்துக்கு இது ஒன்றுதான் விதைப்பு மழை. நடுவில் ஒருநாள் காய்ந்தால் டிராக்டர் இறங்குகிற பதம் வந்துவிடும். அதை விட்டால் மேல்மண் இறுகிவிடும்.

அவள் கணவன் மருதுபாண்டி மழையோடு மழையாகப் போய் நனைந்துகொண்டு திரும்பினான்.

"டிராக்டர் சோணைமுத்துகிட்டச் சொல்லிட்டேன். புதன்கெழம காலைல மொத டிராக்டர் நமக்குத்தான். அந்தால நாலு வீட்டுக்குப் போகணுமாம், நிக்க மாட்டான். நீ லீவு சொல்லிரு மாரி."

"சரிங்க" என்றாள். வேறு என்ன சொல்வது? ஏழு ஏக்கர் உளுந்து. அவனும் அவளும் மாமியார் ராக்கம்மாளும்தான் ஆட்கள். கூலிக்கு அந்த இரண்டு நாளும் ஊரில் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

செவ்வாய் மாலை கல்லூரியிலிருந்து வந்து, விதைக்கு மருந்து கலந்து நிழலில் உலர்த்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். அச்சுமாற்றியின் பொது மன்றத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். 'எங்கள் தளத்தின் முகப்புப் பக்கம் போய்விட்டது. அதன் இடத்தில் ஏதோ ஒரு கோப்பு கிடக்கிறது. எழுத்து மாற்றும் பக்கம் வழியாக வந்திருப்பதாகத் தெரிகிறது. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?'

மாணவரைத் தவிர இன்னொருவரும் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் நல்லவர் இல்லை. இந்தச் செய்தியைப் படிக்கிற விவரமானவர் எவரும் இனி ஊகித்துக்கொள்வார்.

ஆசிரியருக்குப் பதில் எழுத விரல்கள் போயின, நின்றன. என்ன எழுதினாலும் ஓட்டையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். குழுவில் கேட்கலாமா என்று திறந்தாள். மேலே அவள் எழுதிய விதிகளே நின்றன. முறைக்காரர் பார்த்துக்கொள்வார். ராஜகுருவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. மூடிவிட்டாள்.

தந்திரமான பெயர்களில் இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரும் என்று மாணவரின் நிரல் காட்டியது. இரண்டு புள்ளி வந்தால் அந்தக் கோப்பை ஏற்காதே. நாலு வரிதான். எழுதினாள். மாணவரின் நிரலை ஓட்டிப் பார்த்தாள், உள்ளே நுழையவில்லை. இன்னும் பத்து விதமாகச் சோதிக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. ராக்கம்மாள் வெளியிலிருந்து, "ஏத்தா, சாக்கெல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்றாள். புதன் காலை ஐந்தரைக்கு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே சாவியைப் போட்டுப் புதுப் பதிப்பை வெளியிட்டுவிட்டு, ஏழு ஏக்கர் கரிசல் காட்டுக்குக் கிளம்பினாள்.

டிராக்டரின் பின்னால் பூட்டிய விதைப்புக் கருவியில் ஏழு குழாய்கள். அதன் பலகைமேல் நின்றபடி, ஒவ்வொரு குழாயிலும் விதை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போவது அவள் வேலை. ஈரக் கரிசல் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் குச்சியால் குத்திவிட வேண்டும். சோணைமுத்து ஓட்டினான். மருதுபாண்டியும் ராக்கம்மாளும் வரப்போரத்தில் விதை மூட்டையோடு நின்றார்கள்.

டிராக்டர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனால் ஒரு சால். இடுப்பில் செருகியிருந்த செல்போன் நான்காவது சாலில் அதிர்ந்தது. ஆறாவது சாலில் மறுபடி. அவள் கண் குழாய்களின்மேல்தான் இருந்தது, நினைப்பு இல்லை. யாராக இருக்கும்? இன்னொரு தளமும் போய்விட்டதா? எட்டாவது சாலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனை எடுத்தாள். பள்ளத்துக் காட்டில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. செய்தி பாதி வந்து சுழன்றுகொண்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிராக்டர் திரும்பும்போது குனிந்து பார்த்தாள். வலது ஓரத்துக் குழாய் இரண்டும் மண்ணால் அடைத்துக் கிடந்தன. எப்போது அடைத்தது? இந்தச் சாலிலா, இதற்கு முந்தியதிலா? தெரியவில்லை. குத்திவிட்டாள். விதை மறுபடி இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. சொல்லவில்லை என்றால் எட்டு நாள் கழித்து முளைப்பு வரும்வரை தெரியாது.

"கொஞ்சம் நிறுத்துண்ணே" என்று சோணைமுத்துவிடம் சொல்லிவிட்டு இறங்கி, கண்மாய்க்கரைமேல் ஏறினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கிடைத்ததும் போன் அடித்தது. பந்தல்குடியில் டிடிபி கடை வைத்திருக்கும் ராமலட்சுமி. அச்சுமாற்றியின் பழைய பயனாளி. நிரல் தெரியாது. ஆனால் எது கெட்டாலும் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான்.

"மாரீஸ்வரி, காலைலருந்து பாதி ஃபைலு ஏறவே மாட்டேங்குது. கல்யாணப் பத்திரிகைக்காரவுக கடைல வந்து உக்காந்துருக்காக. என்னமும் மாத்துனியா?"

"என்ன பேருக்கா அந்த ஃபைலுக்கெல்லாம்?"

"பேரா? நாங்க வைக்கிறதுதான். 'நல்லமுத்து வீடு புள்ளி புள்ளி புதுசு'. பழசு வேற புதுசு வேறன்னு தெரியுறதுக்கு ரெண்டு புள்ளி வச்சுக்கிருவோம்."

மாரீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். திருடனைத் தடுக்கப் போட்ட வேலியில் வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். போனை வைத்த கையோடு பாதி நின்ற செய்தியும் முழுதாக வந்து விழுந்தது. மாணவர் எழுதியிருந்தார். 'உங்கள் திருத்தம் போதாது. இரண்டு புள்ளியே இல்லாமல், போய்ச் சேரும் இடத்தின் முழு முகவரியைப் பெயராக வைத்தால் இப்போதும் உள்ளே போகலாம். நீங்கள் அவசரமாகப் பதிப்பு வெளியிட்டதால் ஓட்டை எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தயவுசெய்து சீக்கிரம்.'

ஆக, திருடனும் உள்ளே போகலாம். வழியையும் அவளே காட்டிக்கொடுத்துவிட்டாள்.

கீழே டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. மருதுபாண்டி கையை ஆட்டி ஏதோ கேட்டான். தெற்கே மறுபடி மேகம் கூடிக்கொண்டிருந்தது. சுபத்ராவின் எண்ணைத் திரையில் கொண்டுவந்தாள். மயங்கி விழுந்தவரிடம் என்னவென்று சொல்வது? உங்கள் ஒன்பது வருஷத்தை ரெண்டே நாளில் கெடுத்துவிட்டேன் என்றா? அழித்தாள். ராஜகுருவின் எண்ணை அழுத்திவிட்டு, எடுக்கக்கூடாது என்றும் எடுக்க வேண்டும் என்றும் ஒருசேர வேண்டிக்கொண்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க மாரீஸ்வரி."

"அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று தொடங்கினாள். மாணவரின் மின்னஞ்சல், பத்திரிகை ஆசிரியர், இரண்டு புள்ளி, ராமலட்சுமி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்ற வார்த்தைக்காகக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"இப்ப எங்க இருக்கீக?"

"காட்டுல. விதைப்பு நடக்குது."

"சரி. மொத வேலையா நம்ம தளத்துல கட்டா ஏத்துற வசதிய நிறுத்திருவோம். ஒண்ணொண்ணா ஏத்திக்கிரட்டும். மன்றத்துலயும் எழுதிருறேன், மத்தவுகளும் நிறுத்தி வைக்கட்டும்னு. அந்த ஆசிரியருக்கு நான் போன் போடுறேன். திருத்தத்த நான் எழுதுறேன். பேரப் பாத்துத் தடுக்கக்கூடாது, எங்க போயி எறங்குதுன்னு பாத்துத் தடுக்கணும். மத்தியானம் வரைக்கும் ஆகும்."

"சரிண்ணே."

"ஆனா ஒண்ணு. இந்த வாரம் சாவி ஒங்ககிட்ட. நான் எழுதுனத நீங்க பாக்காம வெளிய விட முடியாது. எனக்கும் யாராச்சும் பாக்கணும், பயமாத்தான் இருக்கு."

அவருக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. "மூணு மணிக்கு வீட்டுல இருப்பேன்" என்றாள்.

கரையிலிருந்து இறங்கி நேராக மருதுபாண்டியிடம் போனாள்.

"என்னங்க, வலது பக்கத்து ரெண்டு குழாயும் அடச்சிருந்துச்சு. நான் போனப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். எத்தன சாலுன்னு தெரியல. அதோட மூணு மணிக்கு நான் வீட்டுக்குப் போயாகணும்."

அவன் முகம் சுருங்கியது. "ஏ மாரி, வருசத்துக்கு ஒரு நாளு. இன்னிக்கா?"

"நான் போகலைன்னா முகம் தெரியாத எத்தனையோ பேரு சைட்டு அழிஞ்சுபோகும்ங்க. நான்தான் பொறுப்பு."

"அவுக ஒனக்கு என்ன குடுக்காக?" அவன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

டிராக்டரிலிருந்து சோணைமுத்து கத்தினான். "என்ன மாப்ள, ஓட்டவா வேணாமா? அங்கிட்டு ஆளு காத்துக்கெடக்காக."

"ஓட்டுலே, வாரேன்" என்றான் மருதுபாண்டி. ராக்கம்மாள் அதற்குள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பலகைப் பக்கம் போய்விட்டாள்.

"அவ போகட்டும்டா. குழாய நான் பாக்குறேன். விட்டுப்போன சாலுக்கு நாளைக்கு நானும் அவளும் கையால போட்டுக்கிருவோம், ஈரம் எங்க போகப்போகுது?" என்றாள்.

மருதுபாண்டி டிவிஎஸ் வண்டியின் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

மூன்று மணிக்கு அவள் வந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. மடிக்கணினியில் பதினெட்டு சதவீதம் சார்ஜ். ராஜகுருவின் திருத்தம் வந்து காத்திருந்தது. அறுபது வரி. ஒவ்வொரு வரியிலும் இது எங்கே தவறும் என்று கேட்டுக்கேட்டுப் படித்தாள். முப்பத்தெட்டாவது வரியில் நின்றாள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கட்டிய கட்டுகளில் கோப்பின் முகவரியில் வரும் சாய்கோடு மறுபக்கம் சாய்ந்திருக்கும். அதை அவர் விட்டிருந்தார்.

எழுதினாள். அவரிடமிருந்து பதில் வந்தது. 'ஆமா. விட்டுட்டேன். இருங்க.'

திருத்தி அனுப்பினார். மாணவர் தன் பங்குக்கு ஆறு விதமாக நுழைந்து பார்த்துவிட்டு, முடியவில்லை என்றார். ராமலட்சுமியிடம் சோதனைப் பதிப்பைக் கொடுத்தார்கள். கடையில் வாடிக்கையாளர் காத்திருக்க, அவள் நாற்பது கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினாள். சார்ஜ் ஏழு. சார்ஜ் ஐந்து. முப்பத்தொன்றாவது கட்டு நின்றுவிட்டதாக ராமலட்சுமி சொன்னாள். கட்டிலேயே பழுது, பழைய பதிப்பிலும் அது திறக்காது என்று பிறகு தெரிந்தது. நான்கு நாற்பதுக்கு சாவியைப் போட்டாள். பதிப்பு வெளியேறியது. இரண்டு சதவீதத்தில் திரை அணைந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். இனி என்ன வரும் என்று தெரியவில்லை. காலையிலும் எல்லாம் சரியென்றுதான் நினைத்தாள்.

ஆறு மணிக்குக் காட்டிலிருந்து மற்ற இருவரும் வந்தார்கள். விதைப்பு முடிந்திருந்தது. கால் கழுவிக்கொண்டிருந்த மருதுபாண்டி, "முடிஞ்சதா?" என்றான். தலையாட்டினாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. திரையில் சுபத்ராவின் பெயர்.

"மாரீஸ்வரி, ஒரு பத்திரிகைக்காரர் எனக்கே மெயில் போட்டாரு. ராஜகுரு மிச்சத்தச் சொன்னாரு. என்னைய ஏன் கூப்பிடல?"

"ஒங்களத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நான்தானேக்கா எழுதி வச்சேன்."

"என்னைய விடு. மத்த ஆளுகள?"

மாரீஸ்வரி போனோடு வாசலுக்கு வந்தாள்.

"நானும் ஒன்பது வருசம் அப்பிடித்தான் இருந்தேன்" என்றார் சுபத்ரா. "யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. விழுந்தப்ப என்னயத் தூக்குனவுகளுக்கு இப்பிடி ஒரு வேல நான் பாக்குறேன்னே தெரியாது." குரல் தளர்ந்திருந்தது. "அந்த விதிய எடுத்துரு தாயி. எனக்காக வச்சதுன்னா எனக்கு வேணாம்."

மறுநாள் அவளும் ராக்கம்மாளும் விடுபட்ட சால்களில் கையால் விதை போட்டார்கள். மூன்று சால்கள் என்று ராக்கம்மாள் மண்ணைக் கிளறிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அன்று மாலை மாரீஸ்வரி மன்றத்தில் நடந்தது அத்தனையும் எழுதினாள். முதல் திருத்தத்தைத் தானே யாரிடமும் காட்டாமல் வெளியிட்டதையும் தன் பெயரிலேயே எழுதினாள். பத்திரிகை ஆசிரியர் பெரும்பாலான பக்கங்களை மீட்டுவிட்டார். மூன்று பழைய இதழ்களுக்கு மட்டும் நகல் எங்கும் இல்லை. அச்சுப் பிரதி கிடைத்தால் தட்டச்சு செய்து தருகிறேன் என்று ராமலட்சுமி அவருக்கு எழுதியிருந்தாள். அவர் அதற்கு இன்னும் பதில் போடவில்லை.

விதிகள் மாறின. ஒரு வாரத்துக்கு இரண்டு பேர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் வெளியே போகாது. இருவரிடமும் சாவி. ராமலட்சுமி சோதிக்காமல் பதிப்பு இல்லை. அவள் பெயரும் பட்டியலில் ஏறியது. முடியாத வாரத்தை முடியாது என்று சொல்லலாம், காரணம் கேட்கப்படாது. கடைசி விதியை எழுதியவர் ராஜகுரு.

அடுத்த வாரம் ராஜகுருவின் முறை, மாரீஸ்வரி துணை. பஸ்ஸிலும் லேபிலும் அவள் கை தானாகப் போனைத் தேடிக்கொண்டுதான் இருந்தது. வியாழக்கிழமை, மாணவர்கள் வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. 'சின்ன மாத்தம்தான். ஆனா எனக்கு நிச்சயமில்ல. ஒரு தடவ பாத்துச் சொல்றீகளா?'

முதல் வரியிலிருந்து படித்தாள். தவறு தென்படவில்லை. தென்படாததே பயமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். வெளியே மாணவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. 'எனக்குச் சரியாத் தெரியுதுண்ணே' என்று எழுதி அனுப்பிவிட்டு, கதவைத் திறக்கப் போனாள்.